'பிளாக்அவுட்' கேட்ட நாட்கள்

அக்டோபர் 30, 2025, வியாழன்

2007ஆம் ஆண்டு இதே நாளில்தான் அமெரிக்கப் பாப் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸின் 'பிளாக்அவுட்' ஆல்பம் அந்நாட்டுக் கடைகளுக்கு வந்தது. முதலில் நவம்பர் 13 என்று நாள் குறித்திருந்தார்கள். பாடல்கள் இணையத்தில் கசிந்துகொண்டே இருந்ததால் ஜைவ் இசை நிறுவனம் இரண்டு வாரம் முன்னதாகவே வெளியிட்டுவிட்டது. 12 பாடல்கள், 43 நிமிடம் சொச்சம். உருகிப் பாடும் மெதுவான காதல் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது.

இந்த ஆல்பத்தைப் பற்றி எழுதுகிறவர்களில் பலரும் திரும்பத் திரும்ப ஒரே கதையைச் சொல்கிறார்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கை சிதறியது, அந்தச் சிதறலிலிருந்து ஓர் அற்புதம் பிறந்தது என்று. துன்பம் வந்தால்தான் கலை வரும் என்ற பழைய நம்பிக்கைக்கு இதைச் சான்றாகக் காட்டுகிறார்கள். என்னால் இதை ஏற்க முடியவில்லை. டப்பிங் ஸ்டுடியோவில் பிறர் குரல்களை வெட்டி, ஒட்டி, மிக்சிங் செய்து பிழைக்கிறவள் நான். மனம் நொறுங்கிய ஒருவர் மைக் முன்னால் நிற்கும்போது மூச்சு எங்கே தடுமாறும், சொல்லின் கடைசி எழுத்து எப்படி விழுங்கப்படும் என்பது எனக்குத் தெரியும். இந்த ஆல்பத்தில் அப்படிப்பட்ட குரல் எங்கும் இல்லை. வேலை முடிந்த இரவுகளில் பாட்டு பாட்டாகக் கேட்டு எழுதலாம் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 1, சனி

இன்று பாடல் எதையும் கேட்கவில்லை. தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். அந்த வரிசை மனத்தில் பதியாமல் இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

2006 செப்டம்பரில் பிரிட்னிக்கு இரண்டாவது மகன் பிறக்கிறான். முதல் குழந்தைக்கு அப்போது ஒரு வயதுதான். நவம்பர் 7 அன்று கணவர் கெவின் ஃபெடர்லைனைப் பிரிய விவாகரத்து மனு. 2007 ஜனவரியில் தாயின் சகோதரி புற்றுநோயால் இறக்கிறார். பிப்ரவரி 16 இரவு, லாஸ் ஏஞ்சலிஸின் டார்சானா பகுதியில் ஒரு முடிதிருத்தும் நிலையத்துக்குள் போய்த் தன் தலையைத் தானே மழித்துக்கொள்கிறார். கண்ணாடிக்கு வெளியே கேமராக்கள். ஜூலையில் விவாகரத்து முடிகிறது. செப்டம்பர் 9 அன்று லாஸ் வேகாஸில் எம்டிவி விருது விழா மேடையில் ஏறி, அரை மனதாக ஆடிவிட்டு இறங்குகிறார். மறுநாள் உலகமே அவர் உடம்பைப் பற்றிப் பேசுகிறது. அக்டோபர் 1 அன்று, குழந்தைகள் தந்தையிடம்தான் இருக்க வேண்டும் என்று நீதிபதி உத்தரவிடுகிறார். அந்த மாதம் முடிவதற்குள் ஆல்பம் வெளிவந்துவிடுகிறது.

இந்தத் தேதிகளுக்கு ஊடேதான், 2006இலும் 2007இலுமாக, பாடல்கள் பதிவாகியிருக்கின்றன. பாடலாசிரியர்களில் ஒருவரான கெரி ஹில்சன் பின்னர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்: பிள்ளை பெற்ற சில வாரங்களிலேயே பிரிட்னி ஸ்டுடியோவுக்கு வந்து முழு மூச்சாக உழைத்தாராம். படம் பிடித்தவர்கள் ஸ்டுடியோவின் வாசல்வரைதான் வர முடிந்தது. நமக்குக் கிடைத்த படங்கள் எல்லாம் வாசலுக்கு வெளியே எடுத்தவை. உள்ளே நடந்த வேலைக்குச் சாட்சி இந்த ஒலி மட்டும்தான்.

நவம்பர் 2, ஞாயிறு

'கிம்மி மோர்', ஆல்பத்தின் முதல் பாட்டு. முதல் நொடியிலேயே தன் பெயரைச் சொல்லி, கூடவே ஒரு வசைச்சொல்லையும் சேர்த்துக்கொள்கிறார். அந்த ஆண்டில் அந்தப் பெயர் எத்தனை கேலிகளுக்கு ஆளாகியிருந்தது என்பதை நினைத்துக்கொண்டு கேட்க வேண்டும். மன்னிப்பில்லை, விளக்கமில்லை. குரலில் சோம்பல் கலந்த ஒரு மிடுக்கு. பிறகு இசைத் தயாரிப்பாளர் டான்ஜாவின் பேஸ், அந்தக் கனத்த அடி ஒலி, கீழே இறங்குகிறது.

டான்ஜா வர்ஜீனியா பீச்சைச் சேர்ந்தவர், டிம்பலாண்ட் என்ற பெயர்பெற்ற தயாரிப்பாளரிடம் தொழில் கற்றவர். ஆல்பத்தின் 12 பாடல்களில் ஐந்து அவருடையவை. இந்தப் பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் மார்செல்லா அராய்கா என்ற ஒலிப் பொறியாளரின் பெயரும் இருக்கிறது. மிக்சிங் மேசைக்கு முன்னால் உட்காரும் ஒரு பெண்ணின் பெயர் பாடலாசிரியர் வரிசையில் வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி பொங்குகிறது.

அடுத்தது 'பீஸ் ஆஃப் மீ'. இதை எத்தனை முறை கேட்டாலும் உடல் சிலிர்க்கிறது. ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த பிளட்ஷை அண்டு அவான்ட் என்ற இருவர், கிளாஸ் ஆலுண்டுடன் சேர்ந்து உருவாக்கியது. பின்னணியில் ஸ்வீடன் பாடகி ராபின் குரல் கொடுத்திருக்கிறார். பத்திரிகைகள் தனக்குச் சூட்டிய பட்டங்களைப் பிரிட்னி ஒவ்வொன்றாக அடுக்குகிறார். வாதாடவில்லை, அழவில்லை, அடுக்கிக்கொண்டே போகிறார். அந்தக் குரலை என்ன செய்திருக்கிறார்கள் என்று ஹெட்போனில் கவனித்துக் கேட்டேன். அசைக்கு அசை வெட்டியிருக்கிறார்கள். ஓர் அசை மேலே, அடுத்தது கீழே. ஓரிடத்தில் ஆண் குரல்போலத் தடித்து, அடுத்த இடத்தில் உலோகம்போல மெலிகிறது. ஒருவரைத் துண்டு துண்டாக விற்கிற சந்தையைப் பற்றிய பாட்டில் குரலே துண்டு துண்டாகிக் கிடக்கிறது. இதை யாரும் தற்செயலாகச் செய்துவிட முடியாது.

நவம்பர் 5, புதன்

ஸ்டுடியோவில் என்னுடன் வேலை பார்க்கும் பெண்ணுக்கு 'பீஸ் ஆஃப் மீ' போட்டுக் காட்டினேன். அவள் பிறந்து சில ஆண்டுகளில் வந்த பாட்டு.

"இதில் அவர் எங்கே அக்கா பாடுகிறார்? எல்லாமே இயந்திரம்தானே?"

இதே கேள்வியை 2007இல் பல விமர்சகர்களும் கேட்டார்கள். தயாரிப்பாளர்கள் செய்த ஆல்பம், பிரிட்னி அதில் விருந்தாளி என்றார்கள். 12 பாடல்களில் 'ஃப்ரீக்ஷோ', 'ஊ ஊ பேபி' ஆகிய இரண்டில் மட்டும்தான் எழுதியவர்கள் பட்டியலில் அவர் பெயர் வருகிறது என்பதையும் எடுத்துக் காட்டுவார்கள்.

அவளிடம் சொன்னேன்: நாளைக்கு நீயே ஒரு குரலை இப்படி வெட்டிப் பார். ஸ்ருதியைச் சரிசெய்ய மென்பொருள் இருக்கிறது. ஆனால் தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் நின்று பாடுகிற அந்தத் தெனாவெட்டை எந்த மென்பொருளும் தராது. சொல்லுக்கு முன் மூச்சை எங்கே வைப்பது, எந்த மெய்யெழுத்தைக் கடிப்பது, எதை நழுவவிடுவது என்பதெல்லாம் பாடுகிறவரின் முடிவு. மூலப் பதிவில் அது இருந்தால்தான் வெட்டிய பிறகும் மிஞ்சும். சாதாரணமாகப் பாடிய குரலை இந்த அளவுக்கு வெட்டினால் யாருடையது என்றே தெரியாமல் போய்விடும். இங்கே ஒரே ஓர் அசையைக் கேட்டாலும் யார் என்று தெரிகிறது.

அவள் மறுபடி ஒருமுறை போடச் சொன்னாள். பிறகு, "மூச்சை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள் அக்கா" என்றாள். நல்ல காது.

இன்னொன்றையும் குறித்துவைக்கிறேன். ஆல்பத்தின் நிர்வாகத் தயாரிப்பாளர் பிரிட்னி ஸ்பியர்ஸ்தான்.

நவம்பர் 6, வியாழன்

விற்பனைக் கணக்கு: முதல் வாரம் 2,90,000 பிரதிகள், அமெரிக்க ஆல்ப விற்பனையை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம். அதற்கு முந்தைய நான்கு ஸ்டுடியோ ஆல்பங்களும் முதலிடத்தில் நுழைந்தவை. இந்த முறை முதலிடம் ஈகிள்ஸ் குழுவுக்குப் போனது. அவர்களுடைய ஆல்பம் வால்மார்ட் கடைகளில்தான் விற்றது. ஒரே கடையில் விற்பதைப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்ற விதியை அந்த வாரத்தில்தான் மாற்றினார்கள். 7,11,000 பிரதிகள் விற்ற ஆல்பத்தை ஒதுக்கிவைப்பதும் நியாயமாக இருந்திருக்காது. ஆனால் மறுநாள் செய்திகளில் 'பிரிட்னியின் தோல்வி' மட்டும்தான் மிஞ்சியது.

நவம்பர் 8, சனி

விடுமுறை. காலையிலிருந்து ஆல்பத்தின் நடுப்பகுதியிலேயே கிடக்கிறேன்.

இருண்ட ஆல்பம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த இருள் எங்கே இருக்கிறது என்று தேடினால் பாடல் வரிகளில் கிடைக்காது. வரிகள் பெரும்பாலும் நடனம், இச்சை, இரவு விடுதி இவற்றைப் பற்றியவை. இருள் ஒலியில்தான் இருக்கிறது. இந்தப் பாடல்களில் காற்று கிடையாது. ஒரு கூடத்தில் பாடுகிறார், மேடையில் பாடுகிறார் என்ற உணர்வே வராதபடி எதிரொலியைத் துடைத்திருக்கிறார்கள். குரல் காதுக்குள்ளேயே பிறக்கிறது. அதைச் சுற்றி இன்னும் ஏழெட்டுப் பிரிட்னிகள், ஒருவர் கிசுகிசுக்க, ஒருவர் மூச்சுவாங்க, ஒருவர் சிரிக்க. எந்த நேரமும் ஆட்கள் சூழ்ந்திருந்த ஒருவர், ஸ்டுடியோவுக்குள் தன்னைச் சுற்றித் தன்னையே நிறுத்திக்கொண்டதைப்போல எனக்குப் படுகிறது.

'கெட் நேக்கட்' பாட்டில் டான்ஜாவின் குரலை உருக்கி வளைத்திருக்கிறார்கள். போதையில் அழைப்பதா, புலம்புவதா என்று பிரிக்க முடியாத ஒரு முனகல். பல்லவியை அந்தக் குரலிடம் விட்டுவிட்டுப் பிரிட்னி அதற்குள் நுழைந்து நுழைந்து வெளியேறுகிறார். உலகப் புகழ் பெற்ற ஒரு பாடகி, தன் பாட்டின் நடுவிடத்தை இன்னொரு குரலுக்குக் கொடுக்கும் துணிச்சலைப் பாருங்கள்.

'ஃப்ரீக்ஷோ' இன்னும் விசித்திரம். தெற்கு லண்டனில் பிறந்து அன்று சிறு கூட்டத்துக்கு மட்டுமே தெரிந்திருந்த டப்ஸ்டெப் என்ற மின்னணு நடன இசையின் அந்த உறுமும் பேஸ், அமெரிக்காவின் மிகப் பெரிய பாப் நட்சத்திரத்தின் ஆல்பத்தில் 2007லேயே வந்துவிட்டது. நடுவில் அவருடைய குரலை ஆண் குரல் அளவுக்குக் கீழே இறக்கியிருக்கிறார்கள். எல்லோரும் தன்னை வேடிக்கை பார்க்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டே, வேடிக்கை காட்டுவதை ஒரு விளையாட்டாக ஆக்கிக்கொள்கிற பாட்டு இது. அவர் தன் கையால் எழுதச் சேர்ந்த இரண்டு பாட்டுகளில் ஒன்று இதுவாக இருப்பதில் எனக்கு வியப்பே இல்லை.

பிறகு 'ஹெவன் ஆன் எர்த்'. 1970களின் டிஸ்கோவை நினைவூட்டும் சிந்தசைசர் துடிப்பு, அதற்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று குரல் இழைகள். ஆல்பத்தில் ஜன்னல் திறக்கிற ஒரே இடம். இதைச் சத்தமாக வைத்துவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்து, "இந்தப் பாட்டு நன்றாக இருக்கிறதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நவம்பர் 9, ஞாயிறு

குறுந்தகட்டுடன் வந்த சிறு புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டையில் கறுப்பு முடி, தொப்பி, இளஞ்சிவப்பு உடை. படம் எடுத்தவர் எலன் ஃபான் உன்வெர்த். உள்ளே ஒரு பாதிரியாருடன் பாவமன்னிப்புக் கூண்டில் எடுத்த படங்கள். கத்தோலிக்க அமைப்பு ஒன்று கண்டனம் தெரிவித்தது. அமெரிக்கா முழுவதும் அவரிடம் பாவ அறிக்கையை எதிர்பார்த்துக்கொண்டிருந்த வேளையில் அவர் கொடுத்தது இந்தப் படங்களைத்தான்.

நவம்பர் 12, புதன்

2021ஆம் ஆண்டு இதே நாளில் லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றம் பிரிட்னியின் மீதிருந்த சட்டக் காப்பாளர் ஏற்பாட்டை ரத்து செய்தது. அது தொடங்கியது 2008 பிப்ரவரி 1 அன்று. ஆல்பம் வந்து மூன்று மாதம் கழித்து.

அந்த ஜனவரியில் அவரை இரண்டு முறை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். உதவி தேவைப்பட்டிருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உதவி என்ற பெயரில் நடந்தது என்ன? 26 வயதுப் பெண்ணின் பணம், உடல், மருத்துவம், அன்றாட வாழ்க்கை எல்லாவற்றின் மீதும் அதிகாரம் தந்தையின் கைக்குப் போனது. தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள இயலாதவர் என்று தீர்மானிக்கப்பட்டவர், அதே ஆண்டு டிசம்பரில் அடுத்த ஆல்பத்தை வெளியிட்டார். 2009 மார்ச்சில் உலகச் சுற்றுப்பயணம் கிளம்பினார். 2013 முதல் 2017 வரை லாஸ் வேகாஸில் 248 மேடை நிகழ்ச்சிகள். அந்த நிகழ்ச்சிக்கு வைத்த பெயர் 'பீஸ் ஆஃப் மீ'. இதை எழுதும்போது கை நடுங்குகிறது. தன்னைத் துண்டு போடுகிறவர்களுக்கு எதிராக அவர் பாடிய பாட்டின் பெயரை, தன் வருமானத்தின் மீது தனக்கே அதிகாரம் இல்லாத ஆண்டுகளில் விளம்பரப் பலகையில் ஏற்றினார்கள்.

2021 ஜூன் 23 அன்று நீதிமன்றத்தில் அவர் பேசிய ஒலிப்பதிவைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அவசரமாக, மூச்சுவிடாமல், நெடுநாள் அடைத்துவைத்ததைக் கொட்டும் குரல். விருப்பமில்லாமல் வேலை செய்ய வைத்ததையும், கருத்தடைச் சாதனத்தை எடுக்க விடாததையும் சொல்கிறார். உடைந்த குரல் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் அந்தப் பதிவைத்தான் காட்டுவேன். 'பிளாக்அவுட்'டில் பாடுகிற பெண் அப்படி ஒலிக்கவில்லை. அவர் திருமணத்திலிருந்து வெளியேறியிருந்தார், சட்டத்தின் பூட்டு இன்னும் விழவில்லை. யாரோடு வேலை செய்வது, எந்தப் பாட்டை வைத்துக்கொள்வது, எவ்வளவு விசித்திரமாகப் போவது என்பதைத் தானே முடிவு செய்யக்கூடிய குறுகிய இடைவெளி அது. துன்பம் அந்த ஆண்டுகளுக்குப் பிறகும் தொடர்ந்தது. அதற்குப் பின்னால் வந்த ஆல்பங்களில் நான் விரும்பும் பாட்டுகள் உண்டு. ஆனால் இந்த ஆல்பத்தின் கட்டற்ற தன்மையை நான் மீண்டும் கேட்கவில்லை. இரண்டு காலத்துக்கும் துன்பம் பொது. 'பிளாக்அவுட்' காலத்தில் கூடுதலாக இருந்தது சுதந்திரம்.

நவம்பர் 15, சனி

கடைசிப் பாட்டு, 'வை ஷுட் ஐ பி சாட்'. ஃபாரெல் வில்லியம்ஸ் எழுதியது, அவருடைய நெப்டியூன்ஸ் குழுவின் தயாரிப்பு. பிரிந்துபோன கணவரை நோக்கிப் பாடுகிற பாட்டு. மற்ற பாடல்களின் நெருக்கமும் உறுமலும் இதில் இல்லை, தாளம் ஓய்வாக நடக்கிறது. ஏமாற்றத்தைச் சொல்கிறார், ஆனால் ஏங்கவில்லை. இத்தனை சத்தத்துக்குப் பிறகு முடிவை இவ்வளவு இலகுவாக வைத்த அந்த வரிசைப்படுத்தல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

'பிரேக் தி ஐஸ்' பாட்டையும் திரும்பக் கேட்டேன். காக்க வைத்துவிட்டேன், இதோ வந்துவிட்டேன் என்று ரசிகர்களிடம் பேசித் தொடங்குகிறார். அதன் வீடியோ 2008 மார்ச்சில் வந்தபோது அதில் அவர் இல்லை, முழுக்க அனிமேஷன்.

2023இல் வெளிவந்த தன் வாழ்க்கைக் கதையில் இந்த ஆல்பத்தைப் பற்றிப் பிரிட்னி எழுதியிருக்கிறார். உருவாக்குவதற்கு எளிதாகவும் நிறைவாகவும் இருந்த ஆல்பங்களில் ஒன்று இது என்பது அவர் கருத்து. அவரே சொன்ன பிறகும் 'சிதைவிலிருந்து பிறந்த அற்புதம்' என்று எழுதுகிறவர்கள் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அடுத்த வாரம் 2008இல் வந்த 'சர்க்கஸ்' ஆல்பத்தைத் தொடங்குகிறேன். 'பிளாக்அவுட்'டில் மூன்றாவதாக வரும் 'ரேடார்' பாட்டை அதிலும் கூடுதல் பாட்டாகச் சேர்த்து, 2009இல் தனியாக வெளியிட்டு, வீடியோவும் எடுத்தார்கள். ஒரே குரல்பதிவு, முதல் முறை அவர் பொறுப்பில், இரண்டாம் முறை காப்பாளர்களின் கீழ். அதிலிருந்து ஆரம்பிப்பதுதான் சரியாக இருக்கும்.