கோக்கா யாரு பொறுக்குவா?

போன மாசம் துப்பாக்கிக் கடைல ஒரு 20 வயசுப் பையன் என்னைப் பாத்து சிரிச்சான். கெட்ட சிரிப்பு இல்ல, பாவப்பட்டு சிரிக்கிற சிரிப்பு, அதான் இன்னும் சுருக்குன்னுச்சு. நான் கவுண்டர்ல 9 எம்எம் தோட்டா ஒரு டப்பா எடுத்து வச்சேன், 50 ரவுண்டு. "மேட்சுக்கா?"ன்னான். ஆமான்னேன், கொஞ்சம் பெருமையாத்தான். "இது மத்தியானம் வரைக்கும் கூட தாங்காதே, கேஸா எடுத்துக்கங்களேன்"னான். கேஸுன்னதும் எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. துப்பாக்கியும் கேஸும் ஒரே பேச்சுல வந்தா நம்மூர் ஆளுக்கு வேற என்ன தோணும்? அப்புறம்தான் புரிஞ்சுது, கேஸுன்னா 1000 ரவுண்டு இருக்கிற அட்டைப்பெட்டி. இந்தியன் ஸ்டோர்ல வாங்குற 20 பவுண்டு சோனா மசூரி பைய விட கனம். தூக்கிட்டு வந்து கார் டிக்கில வச்சுட்டு ஸ்டியரிங் முன்னாடி கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். எங்கப்பா 16 வருஷம் பேங்க் வாசல்ல 10 தோட்டாவோட காவலுக்கு நின்னவரு. அதே 10. மாத்தவே இல்ல.

கதை இதான். ஹூஸ்டன் பக்கம் இருக்கோம், வந்து 14 வருஷம். இந்த ஞாயித்துக்கிழமை எனக்கு முதல் மேட்ச். யுஎஸ்பிஎஸ்ஏன்னு சொல்லுவாங்க, பிராக்டிகல் ஷூட்டிங், 1984-ல ஆரம்பிச்ச அமைப்பு. உலகம் பூரா இருக்கிற ஐபிஎஸ்சிங்கிற அமைப்போட அமெரிக்க கிளையா ஆரம்பிச்சது, அந்த ஐபிஎஸ்சி 1976-ல மிசூரில உருவானது. ஒலிம்பிக்ஸ்ல ஒத்தைக் கைய நீட்டி மூச்சை அடக்கி சுடுவாங்களே, அது இல்ல. இது ஓடிக்கிட்டே சுடுறது. மூணு பக்கம் மண்மேடு, நடுவுல ஜல்லி கொட்டின மைதானம், அதுல சுவர் மாதிரி தடுப்பு, பீப்பாய், ஜன்னல், அங்கங்க பழுப்பு அட்டை டார்கெட்டு, இரும்புத் தட்டு. பீப் சத்தம் கேட்டதும் உறையிலேர்ந்து எடுத்து ஒவ்வொண்ணா சுட்டுக்கிட்டே போய் முடிக்கணும்.

14 வருஷத்துல ஏன் இப்பதான்னு ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டாரு. எச்1பி விசால இருக்கிறவங்க பொதுவா துப்பாக்கி வச்சுக்கக்கூடாது, ஹண்டிங் லைசென்ஸ் எடுத்தா விலக்கு அது இதுன்னு வழி சொல்லுவாங்க, நான் ரிஸ்க் எடுக்கல. கிரீன் கார்டு க்யூ நம்மாளுங்களுக்கு எப்படின்னு சொல்லவே வேணாம். போன வருஷம்தான் கைக்கு வந்துச்சு. கடைக்குப் போனேன், 4473-னு ஒரு ஃபார்ம், ஏலியன் நம்பர் கேட்டாங்க (வேற்று கிரகவாசி ஃபீலிங் அந்த இடத்துல மட்டும் வரும்), பேக்ரவுண்ட் செக், அரைமணி நேரத்துல கைல க்ளாக்கு பிஸ்டல். அப்பா லைசென்ஸ் ரின்யூவலுக்கு தாலுகா ஆபீஸ், ஸ்டேஷன், கலெக்டர் ஆபீஸ்னு அலைஞ்சதுக்கு செருப்பு மட்டுமே எத்தனை தேஞ்சிருக்கும்!

வேலூர் பக்கம் கம்மவான்பேட்டைய ராணுவப்பேட்டைன்னே சொல்லுவாங்க, வீட்டுக்கு வீடு மிலிட்டரி. எங்க ஊரு அதுக்குக் கொஞ்சம் தள்ளி, எங்க பக்கமும் அப்படித்தான். அப்பா பெங்களூர் மெட்ராஸ் சாப்பர்ஸ், ராணுவத்தோட இன்ஜினியர் படை, அங்க ஜவான்களை 'தம்பி'ன்னுதான் கூப்பிடுவாங்களாம், 60 வயசுலயும் "நான் தம்பிடா"ன்னுவாரு. ஹவில்தாரா ரிட்டையர் ஆகி வந்து பேங்க்ல செக்யூரிட்டி. 12 போர் ரெட்டைக் குழல், சொந்த லைசென்ஸ். ஒவ்வொரு எலக்‌ஷனுக்கும் லைசென்ஸ் துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும்னு வந்துரும், பேங்க் டூட்டின்னு மேனேஜர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு விலக்கு கேட்டு அலைவாரு. ஆயுத பூஜைக்கு மட்டும் அது முழுசா வெளிய வரும். தேங்கா எண்ணெ போட்டு துடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, சைக்கிளுக்கும் அம்மாவோட அருவாமனைக்கும் நடுவுல சாத்தி வைப்பாரு. பக்கத்துலயே வாழை இலைல அந்த 10 தோட்டா, வரிசையா, அதுக்கும் பொட்டு. நான் தொட்டதே இல்ல. ஒரே ஒரு தடவ காலி துப்பாக்கிதானேன்னு குழலுக்கு நேரா குறுக்க ஓடிட்டேன், அன்னிக்கு முதுகுல விழுந்தது இன்னும் ஞாபகம் இருக்கு. "காலின்னு எவன்டா சொன்னது?"

இப்ப இங்க புது ஆளுங்களுக்கு மேட்சுக்கு முன்னாடி ஒரு சேஃப்டி கிளாஸ் வைக்கிறாங்க. 4 மணி நேரம். அப்பாவோட அடிய டெக்சாஸ் ஆக்சென்ட்ல திரும்ப வாங்கின மாதிரி இருந்துச்சு. உன் பைல இருக்கிற உன் துப்பாக்கிய உன் இஷ்டத்துக்கு நீ தொடக்கூடாது. சேஃப் ஏரியான்னு ஒரு மேஜை இருக்கு, அங்க துப்பாக்கிய எடுக்கலாம், ஆனா அங்க தோட்டாவைத் தொடக்கூடாது. உன் முறை வந்து ரேஞ்ச் ஆபீஸர் "மேக் ரெடி" சொன்னாத்தான் லோடு பண்ணணும். ஓடும்போது விரல் ட்ரிக்கர்ல இருக்கக்கூடாது. குழல் எப்பவும் மண்மேட்டுப் பக்கம்தான், ரெண்டு பக்கமும் சேத்து 180 டிகிரி, அந்தக் கோட்டைத் தாண்டி பின்னால திரும்பிச்சோ அன்னிக்கு கதை முடிஞ்சுது, டிக்யூ, அதாவது டிஸ்குவாலிஃபை, வீட்டுக்குப் போ, கெஞ்சினாலும் கிடையாது. டிக்யூன்னா எங்க வீட்ல டெய்ரி குயின் ஐஸ்கிரீம் கடை, பொண்ணு நான் டிக்யூ ஆகணும்னு வேண்டிக்கிட்டிருக்கா.

கிளாஸ்லயே நான் கிட்டத்தட்ட ஆயிட்டேன். நான் வலது கைக்காரன். வலது பக்கத்துலேர்ந்து இடது பக்கம் ஓடிக்கிட்டே மேகசின் (தோட்டா அடுக்கின டப்பி) மாத்தும்போது, இடது கை மேகசினை சொருக வசதியா துப்பாக்கி தானா உள்பக்கம் திரும்பும், உடம்பு ஏற்கனவே இடது பக்கம் பாத்துட்டு இருக்கு, ரெண்டும் சேந்து குழல் பின்னாடி போயிரும். எனக்குத் தெரியவே இல்ல, நான் என்னவோ அழகா ஓடறேன்னு நெனச்சுட்டிருக்கேன். "ஸ்டாப்!"னு ஒரு சத்தம். உள்ள ஒண்ணும் இல்ல, பிராக்டிஸ்தான், இருந்தாலும் முதுகு அனிச்சையா சுருங்கிச்சு பாருங்க. 40 வயசுல.

வாத்தியார் வயசான மனுஷன், நல்லவரு. இதுவரைக்கும் எத்தனை ரவுண்டு சுட்டிருப்பன்னு கேட்டாரு. மனசுல கணக்குப் போட்டேன். இங்க ரேஞ்சுல ஒரு 300 இருக்கும். அப்புறம் காலேஜ்ல என்சிசி கேம்ப், .22 ரைஃபிள், படுத்துக்கிட்டு 5 ரவுண்டு. 305-னு சொன்னேன். அவருக்கு அந்த 5 எதுக்குன்னு புரியல. எப்படிச் சொல்லிப் புரிய வைக்கிறது, முக்கியமே அந்த 5 தான்னு!

என்சிசில போனவங்களுக்கு கோக்கா தெரியும். சுட்டப்புறம் வெளிய வந்து விழுற வெறும் பித்தளைக் கூடு. மிலிட்டரி ஹிந்தி வார்த்தை, அப்பா மூலமா எனக்கு முன்னாடியே பழக்கம். 5 குடுத்தா 5 கோக்கா திரும்பக் குடுக்கணும். அன்னிக்கு எங்க பேட்ச்ல ஒண்ணு கொறஞ்சுது. ஹவில்தார் எங்க எல்லாரையும் வரிசையா முட்டி போட வச்சு புல்லுல தேட விட்டாரு. மணி 4-க்கு ஆரம்பிச்சது, இருட்டிப் போச்சு, டார்ச் வந்துச்சு, கேம்ப்ல பூரி கெழங்கு ஆறிப் போச்சு, கடைசில ஒருத்தன் ஷூ மடிப்புக்குள்ளேர்ந்து வந்துச்சு. ஆத்திரமா அப்பாகிட்ட வந்து சொன்னா அவரு சிரிக்கவே இல்ல. "கெடச்சுதா? அப்ப சரி"ன்னுட்டு சாப்பிடப் போயிட்டாரு. அவங்க யூனிட்ல ஒண்ணு காணாமப் போய் ராத்திரி பூரா தேடினாங்களாம்.

இங்க ரேஞ்சுல நடந்தா காலுக்கடியில சரக்கு சரக்குன்னு கோக்காதான். ஜல்லி எது பித்தளை எதுன்னு தெரியாம கெடக்கு. சிலபேரு திரும்ப லோடு பண்றதுக்காக பொறுக்கிக்கிறாங்க, மிச்சப்பேரு திரும்பிக்கூட பாக்கறதில்ல. முதல் நாள் பிராக்டிஸ் முடிஞ்சு என்னை அறியாம குனிஞ்சு என்னோடதைப் பொறுக்கி எண்ண ஆரம்பிச்சுட்டேன், 50-ல 43 தேறிச்சு. மீதி 7-க்கு பக்கத்து லேன் வரைக்கும் போய் தேடினேன். அந்த லேன் ஆளு "ரீலோடு பண்றியா?"ன்னாரு. இல்லன்னேன். "விக்கவா?" இல்லன்னேன். அதுக்கு மேல அவரும் கேக்கல, நானும் சொல்லல. அப்புறம் அடுத்த தடவலேர்ந்து ரேஞ்ச் பைல மாமியார் ஊர்லேர்ந்து வந்த ஜவுளிக்கடை மஞ்சப்பை ஒண்ணு சொருகி வச்சுக்கறேன். என்ன பண்றது, கை சும்மா இருக்க மாட்டேங்குது.

நான் ஒண்ணும் ஊர் ஏக்கத்துல கரையற ஆளு இல்ல, நல்லாவே செட்டில் ஆயாச்சு. ப்ரிஸ்கெட் எங்க நல்லாருக்கும்னு வெள்ளைக்காரன் என்கிட்ட கேக்கறான். ஆகஸ்ட் வெயில்ல புல்லு வெட்டறேன். பியர்லாண்ட் மீனாட்சி கோயிலுக்குக் கூட மாசத்துக்கு ஒரு தடவதான். ஆனா கடைக்காரப் பையன் "50 தானா?"ன்னு கேட்டா மட்டும் வாழை இலைல பொட்டு வச்ச 10 தோட்டா கண்ணு முன்னாடி வந்து நிக்குது.

வீட்ல தினமும் 15 நிமிஷம் ட்ரை ஃபயர். அதாவது தோட்டா எல்லாம் வேற ரூம்ல பூட்டி வச்சுட்டு, மூணு தடவ செக் பண்ணிட்டு, வெறும் துப்பாக்கிய உறையிலேர்ந்து எடுத்து குறி வச்சு ட்ரிக்கர் அழுத்திப் பழகுறது. ஃபோன்ல டைமர் பீப். சுவத்துல மஞ்ச ஸ்டிக்கர்தான் டார்கெட். நவராத்திரி வந்ததும் பிரச்சனை ஆயிருச்சு. கொலு என் மாமியார் வீட்டு வழக்கம், ஹால்ல அதே சுவத்துலதான் படி கட்டினாங்க. "ஏங்க, தசாவதாரத்துக்கு நேரா குறி வைக்காதீங்க"ன்னு ஒரே சண்டை. பெட்ரூமுக்கு மாறிட்டேன். சுண்டலுக்கு வந்த ஆன்ட்டி ஒருத்தங்க சோஃபால கெடந்த பெல்ட்டைத் தூக்கிப் பாத்து, மேகசின் பவுச் நாலையும் தொறந்து பாத்துட்டு "கேட்டரிங் எடுத்துப் பண்றீங்களா?"ன்னாங்க. ஆமாங்கன்னுட்டேன்.

மார்க் கணக்குதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அட்டைல நடு ஏ-க்கு 5, சி-க்கு 3, ஓரம் டி-க்கு 1 (9 எம்எம் மைனர்ங்கிற பிரிவுல வரும், பெரிய குண்டுக்கு சி, டி மட்டும் கொஞ்சம் கூட). தவறினா 10 கழிப்பாங்க, வெள்ளை அட்டை 'சுடாதே' அட்டை, அதுல பட்டா அதுக்கும் 10 போச்சு. மொத்தப் புள்ளிய எடுத்துக்கிட்ட செகண்டால வகுக்கணும், அதான் ஹிட் ஃபேக்டர். நான் பாத்துப் பாத்து சுட்டு 56 புள்ளி 20 செகண்ட்ல எடுத்தா 2.8. ஒரு பொடியன் தறிகெட்டு ஓடி 50 புள்ளி 10 செகண்ட்ல எடுத்தான்னா 5. நிதானமா அடிச்சா மட்டும் பத்தாது, வேகமும் வேணும், ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கு, அது எனக்கு இன்னும் கைக்கு வரல. ஒவ்வொரு தோட்டாவையும் கடைசித் தோட்டா மாதிரியே சுடறன்னு வாத்தியார் சொன்னாரு. பாராட்டுன்னு நெனச்சு தேங்க்ஸ் சொல்லிட்டேன், திட்டாம்.

நேத்து ராத்திரி பேக்கிங். மேட்ச் மெயில்ல குறைஞ்சது 142 ரவுண்டு, 200 எடுத்துட்டு வாங்கன்னு போட்டிருந்தான். கீழ விழுற கூடு எல்லாம் கிளப்புக்குச் சொந்தம், யாரும் பொறுக்க வேணாம்னு அடியில ஒரு வரி. மஞ்சப்பைய வெளிய எடுத்தேன், திரும்ப உள்ள வச்சேன். அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன், அங்க காலைல 10 மணி, மோட்டார் போட்டுட்டு கெணத்தடில உக்காந்திருந்தாரு.

"இன்னாடா துப்பாக்கி?"

"9 எம்எம்பா."

"9 எம்எம்மா? அது பிபியாச்சேடா, பப்ளிக்குக் குடுக்க மாட்டானே!" தடை செஞ்ச போர், அதாவது பப்ளிக் வச்சுக்கக்கூடாத குழல் அளவுன்னு அவருக்கு இன்னும் பயம், என்னைப் புடிச்சுட்டுப் போயிருவாங்கன்னு. இங்க அப்படி இல்லப்பான்னேன்.

"எத்தினி ரவுண்டு எடுத்துனு போற?"

"200."

கொஞ்ச நேரம் மோட்டார் சத்தம் மட்டும்தான். "அவ்ளோ கோக்காவ யாரு பொறுக்குவா?"

யாரும் பொறுக்க மாட்டாங்கப்பா, கணக்கெல்லாம் கேக்க மாட்டாங்கன்னு சொல்லிக்கிட்டே எண்ணிட்டு இருந்தேன். கேஸ்ல எல்லாம் உதிரியாத்தான் வருது, 50 குழி இருக்கிற பிளாஸ்டிக் டப்பா நாலு வாங்கி அடுக்கறேன். நாலாவதுல ஒரு குழி காலி. 199. கேஸ்லேர்ந்து எண்ணி எடுத்தது 200, எனக்கு நல்லாத் தெரியும், ரெண்டு தடவ எண்ணினேன். சோஃபாக்கடியில பாத்தேன். கார்ப்பெட்ட மடிச்சேன். மனைவி டார்ச்சோட வந்துட்டா, வீட்ல சின்னது இருக்கு, நாளைக்கு ஏழு பேரு சுண்டலுக்கு வராங்க, இதைப் போய் கீழ விட்டுட்டீங்களேன்னு. பொண்ணு, "ப்பா, பெட்டில இன்னும் 800 இருக்குல்ல?"ங்கறா. யாரும் அவளுக்குப் பதில் சொல்லல. ஃபோன் குத்துவிளக்குல சாஞ்சு நிக்குது, அதுக்குள்ளேர்ந்து அப்பா, "ஷூவுல பாரு, மொதல்ல ஷூவுல பாரு"ங்கறாரு.

ராத்திரி 12 அடிக்கப் போகுது. பொண்ணு கடைசிப் படிகிட்ட குப்புறப் படுத்துக்கிட்டு கத்தினா, "கெடச்சிருச்சு! செட்டியார் கடைல இருக்கு!" செட்டியார் பொம்மைக்கு முன்னாடி பரப்பி வச்ச துவரம்பருப்புக்குள்ள, பித்தளையா, சாமர்த்தியமா படுத்திருந்துச்சு.

"கெடச்சுதா?"ன்னாரு அப்பா.

கெடச்சுதுப்பா.

"சரி. இன்னொரு தபா எண்ணு."