“என்ர குரல் தெரியேல்லையோ?”

“தம்பி, நான்தானே கேக்கிறன். என்ர குரல் தெரியேல்லையோ?”

தெரிந்தது. அதுதான் தொல்லை. நவம்பர் 30, இரவு ஒன்பது மணி தாண்டிவிட்டது. வருமான வரி விபரத்திரட்டு அனுப்ப நள்ளிரவு வரைதான் தவணை. அந்தக் கந்தோரில் வேலை செய்யும் அக்கா தெஹிவளையில் தன் வீட்டில், மகனின் லாப்டொப்பின் முன்னால் இருந்தார். கோப்புகள் எல்லாம் பம்பலப்பிட்டிக் கந்தோரின் நாஸ் பெட்டியில், எல்லாருக்கும் பொதுவான கோப்புச் சேமிப்புக் கருவி அது, அதன் நிர்வாகி நான். அதற்குள் நுழையும் அவருடைய கணக்கோ பூட்டிக் கிடந்தது. அவர் பாஸ்வேர்ட்டைப் பிழையாக அடித்து அது பூட்டவில்லை. அவர் பெயரில் வேறு யாரோ அடித்துக்கொண்டிருந்தார்கள்.

பெட்டியின் லொக்கில், அதாவது யார் எப்போது நுழைய முயன்றார்கள் என்ற பதிவேட்டில், வரிசையாக ஒரே மாதிரி வரிகள். அக்காவின் பெயர், ஒரு ஐபி (இணைய முகவரி), உள்நுழைவு தோல்வி. அடுத்த வரியில் அதே பெயர், வேறொரு ஐபி. ஒரு முகவரியிலிருந்து இரண்டு மூன்று தரம் முயல்வது, பிறகு அந்தப் பக்கமே வராமல் விடுவது. 5 நிமிடத்தில் 10 தரம் பிழைத்தால் அந்த ஐபியைத் தடுக்க ஓட்டோ புளொக் போட்டிருந்தேன். பத்தை எட்டாதவனை அது என்ன செய்யும்? ‘அட்மின்’ கணக்கை எப்போதோ முடக்கியாயிற்று. ஆனால் அங்கே ஊழியர்களின் மின்னஞ்சல் பெயர்தான் நாஸ் பெயரும். மின்னஞ்சல்களோ நிறுவனத்தின் இணையத்தளத்தில் படத்தோடு இருக்கின்றன.

அதனால்தான் ஐபியை மட்டும் நம்பாமல், பெயரை வைத்து எண்ணும் கணக்குப் பாதுகாப்பையும் போட்டிருந்தேன். பழகாத கருவிகளிலிருந்து ஒரு பெயரில் 5 தரம் பிழைத்தால் அரை மணி நேரத்துக்கு அந்தப் பெயர் பழகாத கருவி எதிலிருந்தும் உள்ளே வர முடியாது. கந்தோர்க் கணினி என்றால் அக்கா தப்பியிருப்பார். மகனின் லாப்டொப்பை அந்தப் பெட்டி முன்பின் கண்டதில்லை.

பூட்டை ஒரு தரம் எடுத்துவிட்டு, “இப்ப அடியுங்கோ அக்கா” என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டு, ஒவ்வொரு எழுத்தாக வாய்க்குள் சொல்லி அடித்து முடிப்பதற்குள் மறுபடி பூட்டிவிட்டது. அப்போதுதான் அந்தப் பாதுகாப்பையே இன்றிரவு மட்டும் நிறுத்தச் சொன்னார். ஏலாது என்றேன். அதன் பிறகு வந்ததுதான் குரல் பற்றிய கேள்வி. அதற்குப் பின் இன்னொன்று:

“கள்ளன் வாறான் எண்டு வீட்டுக்காரியை வெளியில விட்டுப் பூட்டுறதோ?”

இதற்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. இத்தகைய பூட்டில் உள்ள ஓட்டையையே அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். பாஸ்வேர்ட்டை ஊகிக்க முடியாதவன்கூட, வேண்டுமென்றே பிழையாக அடித்து, உரியவரை வெளியே நிறுத்தலாம். அந்த வசதியை அவனுக்குச் செய்து கொடுத்தது நான் போட்ட பூட்டு.

ஆனாலும் நிறுத்தியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன். அந்தப் பெட்டி இணையத்தைப் பார்த்து நிற்பது 2020 மார்ச் ஊரடங்கிலிருந்து. வீட்டிலிருந்து வேலை செய்ய என்று அப்போது யாரோ ரவுட்டரில் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வாசலை, திறந்தார்கள், அது பிறகு மூடப்படவேயில்லை. 2021 ஓகஸ்ட்டில், நாஸ் பெட்டிகள் செய்யும் சினோலொஜி நிறுவனம் ஓர் எச்சரிக்கை விட்டது: ஸ்டெல்த்வேர்க்கர் என்ற பொட்நெட் (களவாகப் பிடிக்கப்பட்ட கருவிகளின் கூட்டம்), தான் ஏற்கெனவே பிடித்த கருவிகளைக் கொண்டு மற்றப் பெட்டிகளின் பாஸ்வேர்ட்டை ஊகிக்கிறது என்று. மென்பொருளில் எந்த ஓட்டையும் தேவைப்படவில்லை, சாதாரண பாஸ்வேர்ட்டே போதுமாக இருந்தது. உள்ளே போனால் கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்கும் நிரலையும் வைக்கலாம். அந்தக் கந்தோரின் பாஸ்வேர்ட் பழக்கம் எனக்குத் தெரியும்: நிறுவனத்தின் பெயர், ஆண்டு, ஓர் ஆச்சரியக்குறி. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு வைப்போம் என்று கூட்டத்தில் கேட்டபோது, போனைத் தேடிக்கொண்டு திரிய நேரமில்லை என்று சிரித்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில், ஊகிப்பவன் வாசலில் நிற்கும்போது பூட்டைக் கழற்றுவதா?

பிறகொரு நாள் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017இல் வெளியிட்ட வழிகாட்டியை வாசித்தேன். ஒரு கணக்கில் தொடர்ச்சியாகப் பிழைக்கும் முயற்சிகளுக்கு அது வைத்த உச்ச வரம்பு 100. நான் வைத்தது 5. பாஸ்வேர்ட் நீளமானதாக, யாரும் நினைக்காததாக இருந்தால் நூறு ஊகத்தில் ஒன்றும் நடக்காதுதான். அக்காவினுடையது எப்படி என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் கூடாது. எண்ணிக்கையை நிறுத்தாமல், அன்றிரவுக்கு ஐந்தை ஐம்பதாக்கியிருக்கலாமோ? அந்த நேரத்தில் அது மனதில் வரவேயில்லை. வந்திருந்தாலும் செய்திருப்பேனா என்பது வேறு.

விபிஎன், அதாவது வீட்டிலிருந்து கந்தோர் வலையமைப்புக்குள் வரும் பாதுகாப்பான தனிவழி, போட்டுத் தருகிறேன் என்றேன். “இந்த நேரத்தில அதெல்லாம் எனக்கு விளங்காது தம்பி” என்றார். சரி, நானே உள்ளே போய் அந்தக் கோப்பை எடுத்து மின்னஞ்சலில் அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “அது வாடிக்கையாளரின்ர கணக்கு. உம்மட்ட காட்டேலாது.”

நிர்வாகி என்ற முறையில் நான் நினைத்தால் எந்தக் கோப்பையும் திறக்கலாம் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே மறுத்தார். நான் அவருக்குச் சொன்ன அதே ‘ஏலாது’, அதே காரணம். அதில் எனக்கு மரியாதையும் வந்தது, கோபமும் வந்தது. ஓட்டோ பிடித்து, மழைக்குள் காலி வீதியால் கந்தோருக்குப் போய், காவலாளியைக் கொண்டு கதவைத் திறப்பித்து, பன்னிரண்டுக்கு முன் அனுப்பிவிட்டு எனக்கு வட்ஸ்அப்பில் ‘முடிஞ்சுது’ என்று மட்டும் போட்டார்.

நான் சரியாகத்தான் செய்தேன் என்று கந்தோரின் பொறுப்பாளரான சேர் அடுத்த நாள் சொன்னார். அதைக் கேட்டு நிம்மதி வரவில்லை. அந்த ஊகங்களில் ஒன்றாவது அக்காவின் பாஸ்வேர்ட்டுக்குக் கிட்ட வந்ததா என்று அறிய வழியே கிடையாது. லொக்கில் பெயர் இருக்கும், நேரம் இருக்கும், ஐபி இருக்கும். என்ன பாஸ்வேர்ட் அடிக்கப்பட்டது என்பது இருக்காது. மறுத்ததால் ஏதாவது தப்பியதா, அல்லது ஒரு மனுசியை வீணாக மழையில் அலைய விட்டேனா? எந்தப் பக்கத்துக்கும் சாட்சி இல்லை.

இப்போது போர்ட்டை மூடியாயிற்று. எல்லாருக்கும் விபிஎன், அதை முதலில் பழகிக்கொண்டவர் அக்காதான். அவசரத்தில் பாதுகாப்பைத் தளர்த்த யாருடைய அனுமதி வேண்டும் என்று ஒரு தாள் எழுதித் தரும்படி சேர் கேட்டார். எழுதினேன். பெயர் போடும் இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. தன் பெயரைப் போடச் சொல்கிறார். போடலாம்தான். ஆனால் அவருடைய பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும், வட்ஸ்அப்பில் அவரே அனுப்பியது.