முடிவு உங்களுடையதுதான், அக்கா

“நீங்கள் என் இடத்தில் இருந்தால் இந்தப் பணத்தை வாங்குவீர்களா, தம்பி?” என்று கேட்டார், நான் பயிற்சி மாணவனாக இருக்கும் இடத்துக்கு உதவி கேட்டு வந்த அக்கா. ஒரு முதலீட்டாளர் அவர் தொழிலில் பணம் போட முன்வந்திருந்தார். “முடிவு உங்களுடையதுதான், அக்கா” என்றேன். வேறென்ன சொல்லியிருக்க முடியும் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பயிற்சியில் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள்: தொழில் தொடங்குகிறவர்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கலாம், திட்ட அறிக்கை எழுத உதவலாம், கடன் வாங்கு, பங்கு கொடு என்று மட்டும் சொல்லக் கூடாது. நியாயமான விதி. சில மாதங்களில் கிளம்பிப் போகிற மாணவனின் பேச்சைக் கேட்டு ஒரு குடும்பம் முதலை இழந்தால் யார் பொறுப்பு?

அக்காவின் தொழில் கருப்பட்டி. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊர்ச் சரக்குக்கே உரிய பெயர் என்ற அங்கீகாரம், கிடைத்ததைக் காட்டித்தான் அந்த முதலீட்டாளர் பேச வந்தார். தொழிலில் கால் பங்கு வேண்டும், விற்பனை மாதாமாதம் ஏற வேண்டும் என்றார். பதநீரோ கோடையில்தான். பங்குனி தொடங்கி ஆடி வரை பனையேறிகளுக்கு அன்றன்றே காசு கொடுத்துச் சரக்கெடுத்து அடுக்கினால்தான் மார்கழிக்கு விற்க இருக்கும். முன்பணம் கொடுத்துவிட்டு விலையையும் தாங்களே வைக்கிற வியாபாரிகளிடமிருந்து அவர்களை மீட்கத்தான் அக்கா இதில் இறங்கினார். சரக்கில்லாத மாதத்திலும் விற்பனை ஏற வேண்டுமானால் வெளியில் வாங்க வேண்டும். வெளிச்சரக்கில் சீனி இருக்கும். சிரட்டை வடிவில் இருந்த ஒரு கட்டியை மேசை விளிம்பில் தட்டி உடைத்து, “உள்ளே மினுங்கினால் சீனி” என்று காட்டினார். அவர் கையில் இருந்தது மங்கலாக, கரும்பழுப்பாக இருந்தது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். எனக்கென்று ஒரு கருத்தும் இருந்தது.

மறுநாள் காலை வகுப்பில், எங்கோ இருக்கிற ஒரு செருப்பு நிறுவனம் தன் ஆலையை மூடலாமா என்று விவாதம். மூடலாம் என்று எழுந்து நின்று காரணங்களை அடுக்கினேன். பங்கேற்புக்கு மதிப்பெண் உண்டு. அங்கே வேலை செய்கிறவர்களை நான் பார்த்ததில்லை, ஒரு சொல்லும் தடுமாறவில்லை. எதிரே உட்கார்ந்து கேட்டவருக்கு மட்டும் விதியை எடுத்து நீட்டினேன். படிப்பையும் பயிற்சியையும் எப்படிச் சமாளிக்கிறாய் என்று வீட்டில் கேட்பதெல்லாம் நேரத்தைப் பற்றித்தான். நேரம் எப்படியோ அமைந்துவிடுகிறது. காலையில் பேசுகிற வாய் மதியம் மூடிக்கொள்கிறதே, அதற்குத்தான் வழி தெரியவில்லை.

நான் ஒன்றுமே சொல்லவில்லை என்றும் இல்லை. மாதவாரி வரவு செலவுத் தாளில் மே, ஜூன் பற்றாக்குறையைச் சிவப்பில் போட்டிருந்தேன். அக்கா அந்த வரியில் விரலை வைத்தபடி நெடுநேரம் இருந்தார். தொழிலை என்னைவிட ஆயிரம் மடங்கு அறிந்தவர் அவர்; தாள் சொன்னதே போதும் என்று சில நாள் தோன்றும். ஆனால் தாள் என்ன சொல்கிறது என்று அவர் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார்.

அவர் அந்தப் பணத்தை வாங்கவில்லை. இந்தச் சீசனில் கையில் இருந்த காசுக்கு இரண்டு பனையேறிகளிடம் மட்டுமே சரக்கெடுக்க முடிந்தது. மற்றவர்கள் பழைய வியாபாரியிடமே முன்பணம் வாங்கிவிட்டார்கள். அன்று வாய் திறந்திருந்தால், நானும் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.