ஃபிலிம் பெட்டிக்குள் இருக்கிறது

ஜனவரி 18, 2023
மாலை வரை கிரையோஸ்டாட் முன்னால், வோல் என்ற சிறு வயல் எலியின் உறைந்த மூளைகளைச் சீவிக்கொண்டு. 20 மைக்ரான் கனம். சரியாக அக்கம்பென்ஸ் (மூளையின் வெகுமதிப் பகுதி) வரும் இடத்தில் பிளேடு கீறல் விட்டது. மாற்றினேன். விரல் நுனி இன்னும் மரத்துக் கிடக்கிறது. பதினாலாம் எண் பெண் வோலை மட்டும் நாளைக்குத் தள்ளிவைத்தேன்.

ஜனவரி 19
பதினாலும் முடிந்தது. மெயில் வரவில்லை.

ஜனவரி 21
கதிரியக்க அயோடின் 125 ஏற்றிய மருந்தில் ஸ்லைடுகளை ஊறவைத்து, கழுவி, காயவைத்து, ஃபிலிமோடு பெட்டிக்குள் அடைத்தாயிற்று. ஆக்சிடோசின் ஏற்பி (அந்தப் பிணைப்பு ஹார்மோனைப் பிடிக்கும் புரதம்) நெரிசலாக இருக்கும் இடமெல்லாம் கறுத்து வரும். நடுவில் திறந்தால் எல்லாம் போச்சு.

1992-இல் ஆய்வாளர்கள் இன்செலும் ஷாபிரோவும் காட்டியதும் இப்படிப்பட்ட படங்களைத்தான். ஜோடி சேர்ந்து வாழும் புல்வெளி வோலுக்கு அக்கம்பென்ஸ் கறுப்பு. ஜோடி சேராத மலை வோலுக்கு அங்கே வெளிறல். நான் இந்தத் துறைக்கு வந்ததே அந்தப் படங்களைப் பார்த்துத்தான். அவ்வளவு அழகாக இருந்திருக்கக் கூடாது.

ஜனவரி 24
பனி. பஸ் இல்லை. வீட்டில் உட்கார்ந்து பதினாலின் வீடியோவை மறுபடி ஓட்டினேன். மூன்று மணி நேரச் சோதனை. ஒரு முனையில் அவளுடைய துணையைக் கட்டியிருக்கிறது, மறுமுனையில் அந்நியன். மற்றவர்கள் துணையோடு ஒட்டிக்கொண்டு தூங்கிவிட்டார்கள். இவள் நடு அறையிலேயே இருந்தாள். பயமா, அலட்சியமா? அவளைக் கொன்ற பிறகு கேட்கிறேன்.

ஜனவரி 25
அம்மா போன். "இன்னுமா எலி வெட்டிக்கிட்டு இருக்கே?" ஆமாம்.

ஜனவரி 27
நியூரான் இதழில் அந்தக் கட்டுரை வந்தேவிட்டது. முன்பே காதில் விழுந்த முடிவுதான், அச்சில் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது. கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் முறையால் ஆக்சிடோசின் ஏற்பி மரபணுவையே முடக்கியிருக்கிறார்கள். வோல்கள் வழக்கம்போல ஜோடி சேர்கின்றன. ஏற்பி இல்லாத தாய்களும் பால் கொடுத்திருக்கின்றன. ஆனால் பால்குடி மறக்கும்வரை பிழைத்த குட்டிகள் குறைவு.

அப்படியானால் பழைய சோதனைகள்? வளர்ந்த பெண் வோலின் அக்கம்பென்ஸில் இதே ஏற்பியை மருந்தால் அடைத்தால் ஜோடி சேருவதில்லை. அதுவும் பொய்யில்லை. பிறவியிலேயே ஒன்று இல்லாமல் வளர்ந்த மூளை வேறு வழி கண்டுபிடித்திருக்கும். இருந்ததைத் திடீரெனப் பறிகொடுத்த மூளைக்கு அந்த அவகாசம் ஏது? இதைத்தான் மத்தியானம் எல்லோரிடமும் சொன்னேன். தெளிவாகத்தான் சொன்னேன். ஆனால் கட்சி மாறாத தொண்டன் மாதிரி என் குரல் எனக்கே கேட்டது.

ஒன்று மட்டும் நிச்சயம். 1970-களில் இதே இல்லினாய் வயல்களில் ஆய்வாளர் கெட்ஸ் வைத்த பொறிகளில் அதே ஆணும் அதே பெண்ணும் திரும்பத் திரும்பச் சேர்ந்து மாட்டின. நடத்தை எங்கேயும் போய்விடவில்லை. விளக்கம்தான் ஆட்டம் காண்கிறது.

மெயில் இல்லை. சம்பளம் ஜூன் வரை.

ஜனவரி 28
தூக்கமில்லை.

ஜனவரி 30
ஃபிலிம் கழுவியாயிற்று. பதினாலின் அக்கம்பென்ஸ் வெளிறியிருக்கும் என்று நினைத்திருந்தேன். இருப்பதிலேயே கறுப்பு அவளுடையதுதான்! ஸ்லைடு மாறிவிட்டதா என்று எண்களை ஒப்பிட்டேன். மாறவில்லை. ஏனோ சிரிப்பு வந்தது, இந்த மாதத்தில் முதல் தடவையாக.

பிப்ரவரி 1
வென்ட்ரல் பாலிடம் என்ற மூளைப் பகுதியையும் பார்க்கப்போகிறேன். அங்கே வாசோபிரசின் என்ற இன்னொரு ஹார்மோனின் 1ஏ ஏற்பி. ஆண் வோல்களின் கதை என்று இதுவரை ஒதுக்கிவைத்திருந்தது. பேராசிரியர் தோளைக் குலுக்கினார், வேண்டாமென்று சொல்லவில்லை. மருந்துக்கு ஆர்டர் போட்டாச்சு. பதினாலின் மிச்ச ஸ்லைடுகள் மைனஸ் 80-இல், இரண்டாவது தட்டில்