பெருமரங்களை அளக்கும் வேலை: இதுவரை

சுற்றளவில் இப்போது எனக்குக் குழப்பம் இல்லை. தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது மார்பளவில், நாடாவைச் சுற்ற வேண்டும். சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப்பக்கத்துத் தரையிலிருந்து கணக்கு. தேக்கு பெரும்பாலும் தொல்லை தராது. மருதம் அப்படியல்ல, அடிமரம் பலகை பலகையாகப் புடைத்திருக்கும். புடைப்பு அடங்கிய இடத்துக்கு மேலேதான் சுற்ற வேண்டும். எந்த உயரத்தில் சுற்றினோம் என்று குறித்துவைக்காவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை. ஆழியாற்றங்கரை மருதம் ஒன்றுக்கு 2.1 மீட்டர் உயரத்தில் 4.86 மீட்டர் வந்தது. மரத்தின் மறுபக்கம் நாடா தொய்ந்தால் அளவு கூடிவிடும் என்பதால் துணைக்கு ஓர் ஆள் அவசியம்.

உயரம்தான் ஆளைத் திணறடிக்கிறது. பள்ளிக்கூடத்து வழி எளிது: மரத்திலிருந்து 25 மீட்டர் தள்ளி நின்று நுனிக்கு 50 பாகை கோணம் பார்த்து, தூரத்தை அந்தக் கோணத்தின் டேன் (tan) மதிப்பால் பெருக்கி, கண் மட்டத்து 1.6 மீட்டரைக் கூட்டினால் அதே மருதம் 31.4 மீட்டர். லேசர் தூரமானியால் நுனிவரையுள்ள சாய்தூரத்தை அளந்தேன்: 32.5 மீட்டர். அதை அதே கோணத்தின் சைன் (sin) மதிப்பால் பெருக்கி, கண் மட்டத்தையும் கூட்டினால் உயரம் 26.5 மீட்டர்தான்! நான் பார்த்த நுனி அடிமரத்துக்கு நேர் மேலே இல்லை. என் பக்கமாக நான்கு மீட்டர் நீண்டிருந்த கிளையின் நுனி அது. படர்ந்த மரங்களுக்குச் சொல்லப்படும் பழைய உயரங்கள் பலவற்றை இதனாலேயே சந்தேகிக்கிறேன். சைன் வழியில் உச்சிக்கிளை கண்ணில் படாமல் போனால் உயரம் குறையுமே தவிர, இல்லாத உயரம் முளைக்காது.

பரம்பிக்குளத்துக் கன்னிமாரா தேக்கு 7.02 மீட்டர் சுற்றளவு, 39.98 மீட்டர் உயரம் என்பார்கள். முதல் எண்ணை நம்பலாம். காற்றில் ஆடும் நுனிக்குச் சென்டிமீட்டர் வரை எப்படிக் கணக்கு வந்தது? மலேசியாவின் சபா மாநிலத்திலுள்ள 'மெனாரா' மரத்தின் 100.8 மீட்டரை நம்புகிறேன் என்றால், 2019இல் ஒருவர் உச்சிவரை ஏறி நாடாவைத் தொங்கவிட்டு அளந்தார் என்பதால்தான். கன்னிமாராவில் யாரும் ஏற வேண்டாம். வெட்டப் போனபோது இரத்தம் பீறிட்டது என்று பழங்குடியினர் வணங்கும் மரம்; நானும் தள்ளி நின்றே அளக்க எண்ணியிருக்கிறேன்.

தேக்கு இலையுதிர்த்து நிற்கும் மாசி, பங்குனியில்தான் உச்சி தெளிவாகத் தெரியும். காட்டுத்தீக்கு அஞ்சிப் பரம்பிக்குளம் சரணாலயத்தை மூடுவதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். ஆகவே தை கடைசியில், பாதி இலை உதிர்ந்திருந்தாலும் போதும் என்று கிளம்பப் போகிறேன்.