வாடை பிடித்துத் தெற்கே: தனியாக ஒரு பாய்ப்படகுப் பயணத்துக்கான குறிப்புகள்

ஜனவரி 3

டேராடூன் கடற்படை அலுவலகம் வெளியிடும் கடல் வரைபடத்தை மொட்டைமாடி அறையில் விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கிளம்பும் இடம் புதுச்சேரி, 11 டிகிரி 55 நிமிடம். போய்ச்சேரும் இடம் காரைக்கால், 10 டிகிரி 55 நிமிடம். நம்ம கரை கிட்டத்தட்ட நேர் வடக்குத் தெற்காக ஓடுவதால் கணக்கு சுலபம். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். ஆக மொத்தம் 60 கடல் மைல்.

படகு பதினாறடி ஃபைபர். ஒரு பெரிய பாய், ஒரு முன்பாய், அவசரத்துக்கு ஒரு சின்ன இன்ஜின், இரண்டு துடுப்பு. மணிக்கு மூன்று கடல் மைல் என்று வைத்தால் இருபது மணி நேரம் ஆகும். ஜனவரியில் பகல் கிட்டத்தட்ட பதினொன்றரை மணி நேரம், அவ்வளவுதான். இரவிலும் ஓட்டி ஒரே மூச்சில் போய்விடுவதா, நிறுத்தி நிறுத்திப் போவதா? முதலில் முடிவு செய்ய வேண்டியது இதுதான்.

ஜனவரி 5

இரவில் ஓட்டப் போவதில்லை.

உலகத்தையே தனியாகச் சுற்றியவர்கள் இருக்கிறார்கள். நம் கடற்படையின் அபிலாஷ் டோமி 2012-13இல் எங்கும் கரை தொடாமல் சுற்றி வந்தார். அவர்கள் தூங்கவில்லையா என்று கேட்கலாம். நடுக்கடலில் தனியே போகிறவர்கள் இருபது நிமிடம், அரை மணி நேரம் என்று துண்டு துண்டாகத் தூங்குவார்கள். அங்கே மோதுவதற்கு எதுவும் அருகில் இருக்காது. இங்கே கதையே வேறு. என் படகில் உட்கார்ந்தால் கண் தண்ணீருக்கு மேலே ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். அந்த உயரத்திலிருந்து அடிவானம் இரண்டரை கடல் மைல்தான். இரவு முழுக்க விசைப்படகுகள் இழுவலையோடு குறுக்கே போகும், வரும். செவுள் வலையைக் கிலோமீட்டர் கணக்கில் மிதக்கவிட்டிருப்பார்கள். பத்து நிமிடம் கண் அசந்தாலும் யாரோ ஒருவருடைய வலைக்குள் போய் நிற்பேன். அது எனக்கு ஆபத்து. அந்த வலைக்காரருக்கோ பிழைப்பே போய்விடும்.

அதனால் பகலில் மட்டும் ஓட்டம், இரவில் துறைக்குள்.

ஜனவரி 8

வீராம்பட்டினத்தில் ஒரு பெரியவர். கட்டுமரத்தில் தொடங்கி ஃபைபர் படகு வரை பார்த்தவர். வலைக்குப் பொத்தல் கட்டிக்கொண்டே பேசினார்.

"எப்ப போற தம்பி?"

"மார்ச்சுல போகலாம்னு ஒரு யோசனைண்ணே. கடல் அமைதியா இருக்கும்."

"அமைதியாத்தான் இருக்கும். ஆனா மாசி வந்துட்டா வெள்ளம் தெண்டியாயிடும், தெக்கேருந்து வடக்க இழுக்கும். மதியத்துக்கு மேல காத்தும் தெக்கேருந்து வரும். நீ ரெண்டையும் எதுத்துகிட்டுப் போவியா? தை பொறந்ததும் போ. வாடை முதுகுல இருக்கும். வரும்போது மாசி பங்குனியில வா. தண்ணியே கொண்டாந்து உட்டுடும்."

வெள்ளம் என்று அவர் சொல்வது நீரோட்டத்தை. அவர் சொன்னது கடலியல் ஆய்வுகளோடும் அப்படியே பொருந்துகிறது. வங்கக் கடலின் மேற்குக் கரையோர நீரோட்டம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கே ஓடும். பிப்ரவரிவாக்கில் திரும்பி, மார்ச், ஏப்ரலில் வடக்கு நோக்கி வலுவாக ஓடும். மணிக்கு ஒரு கடல் மைல் எதிர்நீரோட்டம் இருந்தாலே என் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

ஆகவே ஜனவரிக் கடைசியில் போவது, மார்ச்சில் திரும்புவது. நடுவில் படகு காரைக்காலில் தங்கும். திரும்புவதை ஏப்ரல் 15க்குத் தள்ளிப்போடவும் விருப்பமில்லை. அன்று தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கடலில் விசைப்படகுத் தொல்லை இருக்காது, உண்மைதான். ஆனால் எல்லா விசைப்படகும் துறைக்குள் வந்து கட்டிக்கிடக்கும்போது ஒரு சின்னப் பாய்ப்படகுக்கு யார் இடம் விடுவார்கள்?

ஜனவரி 11

துறைகளைக் குறித்தேன். புதுச்சேரியிலிருந்து கடலூர் 12 கடல் மைல். கடலூரிலிருந்து பழையாறு 21, 22. அங்கிருந்து காரைக்கால் அரசலாறு 26, 27. மூன்று ஓட்டம். பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு, இரண்டாவது ஓட்டத்தின் நடுவே ஒரு புகலிடம்.

வரைபடத்தில் பென்சில் கோடு போடும்போது ஒன்று உறைத்தது. வாடை பின்னால் இருக்கும்போது 'முடியவில்லை, திரும்பிவிடலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. திரும்பினால் காற்றை எதிர்த்துக் குறுக்கும் நெடுக்குமாக ஏற வேண்டும். இரண்டு மணி நேரத்தில் வந்த தூரத்துக்கு ஐந்து மணி நேரம் ஆகலாம். ஏற்கனவே களைத்துப்போன ஒருவனுக்கு அது இன்னும் மோசம். எனவே தப்பிக்கும் வழி எப்போதும் முன்னால் இருக்கிற துறைதான். அதைக் கரையிலேயே நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும். கடலூரிலிருந்து காலை ஆறரைக்குக் கிளம்பி, பன்னிரண்டு மணிக்குள் பரங்கிப்பேட்டையைத் தாண்டவில்லை என்றால் வெள்ளாற்றுக்குள் நுழைந்துவிட வேண்டும். அங்கே போய் யோசிக்கக் கூடாது.

முகத்துவாரங்கள்தான் என் கவலை. இந்தக் கரையில் கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைச் சுற்றித்தான், பல நாளில் அதற்கும் கீழே. ஆனால் ஆறு வெளியே ஓடும் நேரத்தில் கடலலை எதிரே வந்தால், மணல்மேட்டின் மேல் அலை செங்குத்தாக எழுந்து உடையும். படகை அப்படியே புரட்டிப் போட அது போதும். அதனால் ஏற்றத்தின் பின்பாதியில் மட்டும் உள்ளே நுழைவது. நேரம் ஒத்துவராவிட்டால் வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருப்பது, இல்லையென்றால் உள்ளூர்ப் படகு ஒன்று நுழையும் வரை பார்த்து அதன் பின்னாலேயே போவது. கொள்ளிடம் முகத்துவாரத்துக்கு வெளியே மணல்திட்டு இருக்கிறது. அங்கே கரையிலிருந்து நன்றாக விலகி, சுற்றித்தான் போகப் போகிறேன்.

ஜனவரி 17

பொங்கல் முடிந்த கையோடு படகு வேலை. அரியாங்குப்பம் ஆற்றில் நங்கூரம் போட்டு, பாயைச் சுருக்கிக் கட்டிப் பழகினேன். காற்று ஏறினால் பெரிய பாயின் பரப்பைக் குறைக்க வேண்டும். இரண்டு பேர் என்றால் ஒருவர் சுக்கான், ஒருவர் பாய். எனக்கு இருப்பது இரண்டு கைகள். அதனால் பாயின் முன்முனையிலிருந்தும் பின்முனையிலிருந்தும் வரும் சுருக்குக் கயிறுகளைக் கப்பி வழியாகக் கொண்டுவந்து, நான் உட்காரும் இடத்தில் முளையில் சுற்றிக் கட்டியிருக்கிறேன். சுக்கான் பிடியின் இரண்டு பக்கமும் பழைய சைக்கிள் டியூப் துண்டு. பிடியை விட்டால் டியூப் இழுத்து நடுவில் நிறுத்தும். முதலில் பாய் ஏற்றும் கயிற்றை மையால் குறித்த இடம் வரை தளர்த்த வேண்டும், பிறகு முன்முனை, பிறகு பின்முனை, அப்புறம் மறுபடி இறுக்கல். வரிசை மாறினால் பாய் கிழியும். கண்ணை மூடிக்கொண்டும் செய்து பார்த்தேன்.

பின்காற்றில் இன்னொரு ஆபத்து உண்டு. பாயின் அடிக்கட்டை திடீரென்று மறுபக்கம் வீசி அடிக்கும். தலையில் பட்டால் முடிந்தது. அதைத் தடுக்கக் கட்டையிலிருந்து அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்கு, ஒரு கயிறு. நேர் பின்காற்றில் ஓடாமல், கொஞ்சம் பக்கவாட்டாக வாங்கி ஓட்டுவது இன்னும் நல்லது.

பாதுகாப்புக் கயிறு பற்றி யாரிடமும் சமரசம் இல்லை. நாலு நாட் வேகத்தில், அதாவது மணிக்கு நாலு கடல் மைலில், படகு நொடிக்கு இரண்டு மீட்டர் நகரும். விழுந்தவன் தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் இருபது மீட்டர் போயிருக்கும். அது நிற்காது, திரும்பியும் வராது. லைஃப் ஜாக்கெட் மிதக்கத்தான் வைக்கும். படகிலேயே என்னை வைத்திருப்பது இந்தக் கயிறுதான். அதனால் தண்ணீரில் விழ முடியாத அளவுக்குக் குட்டையாக வைத்திருக்கிறேன்.

ஜனவரி 20

கடலூர் முதுநகரில் அக்கா வீடு. கரையிலிருந்து என்னைக் கவனிக்கப் போவது அவள்தான்.

"நீ போன் பண்ணலன்னா நான் எவ்ளோ நேரம் பாக்கணும்?" என்றாள். நல்ல கேள்வி. பதிலை அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். குறித்த நேரம் தாண்டி ஒரு மணி நேரம் காத்திரு, சிக்னல் இல்லாமல் இருக்கலாம். இரண்டாவது மணி நேரம் முடிந்ததும் 1093, மாநிலப் போலீஸின் கடலோரக் காவல். கூடவே 1554, இந்தியக் கடலோரக் காவல்படை. படகின் நிறம், நீளம், கிளம்பிய நேரம், போகும் வழி எல்லாம் அதே தாளில். பயந்துகொண்டு கூப்பிடாமல் இருந்துவிடாதே, வீணாகக் கூப்பிட்டாலும் பரவாயில்லை என்றேன். தாளை அரிசி டப்பாவுக்கு மேலே காலண்டரில் செருகினாள்.

படகில் விஎச்எஃப் ரேடியோ இருக்கிறது, அவசர அழைப்புக்கான சேனல் 16 திறந்தே இருக்கும்.

ஜனவரி 23

இன்று கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸின் கணிப்பில் அலை உயரம் இரண்டு மீட்டரைத் தொடுகிறது. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு எதுவும் ஏற்றவில்லை, விசைப்படகுகள் போய்வருகின்றன. ஆனாலும் பதினாறடிக்கு அது கூடாது. ஒன்றரை மீட்டருக்கு மேல் அலை, 15 நாட் வேகத்துக்கு மேல் காற்று என்றால் கரையிலேயே இருப்பது என்று முதலிலேயே எழுதியாயிற்று. 2011இல் தானே புயல் நம் கரையைக் கடந்தது டிசம்பர் 30. மார்கழி பாதியானாலே கடல் அடங்கிவிடும் என்று நம்ப எனக்கு மனம் வராது. காத்திருப்பதில் எனக்குக் கஷ்டமும் இல்லை.

ஜனவரி 26

அலை ஒரு மீட்டருக்கு இறங்கிவிட்டது. காலையில் மேற்கிலிருந்து லேசான கரைக்காற்று, பத்து மணிக்கு மேல் வடகிழக்கு என்கிறது கணிப்பு. நாளை ஆறரைக்குக் கடலூருக்கு முதல் ஓட்டம். தண்ணீர், மோர், புளிசாதம், எலுமிச்சம்பழம் ஏற்றியாயிற்று. ஒன்பதரைக்குள் தென்பெண்ணை முகத்துவாரத்துக்கு நேரே வந்துவிட வேண்டும். வராவிட்டால் இன்ஜின்.

நல்லவாடு, மூர்த்திக்குப்பம், தாழங்குடா பக்கத்தில் நாளைக் காலையில் வலை விட்டிருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: வெள்ளைப் படகு, ஆரஞ்சுப் பாய், தனி ஆள். கரையிலிருந்து மூன்று கடல் மைல் தள்ளி வருவேன். வலை எந்தப் பக்கம் கிடக்கிறது என்று கையைக் காட்டினால் போதும், சுற்றிப் போய்விடுகிறேன்.