ஈபி பில் யார் பேரில் இருக்கிறது?

கிருஷ்ணகிரியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கம்பெனிப் பதிவு வேலைகளைப் பார்த்துவருகிறேன். முன்பெல்லாம் எங்களிடம் வந்தவர்கள் கிரானைட், மாங்கூழ், கோழிப்பண்ணை, லாரி என்று தொழில் செய்தவர்கள். 2016 ஜனவரியில் ஸ்டார்ட்அப் இந்தியா திட்டம் வந்த பிறகு, அதிலும் கொரோனா சமயத்தில் பெங்களூரிலிருந்து பிள்ளைகள் லேப்டாப்போடு ஊர் திரும்பிய பிறகு, மென்பொருள், சென்சார், ஆப் என்று செய்கிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். ஓசூர், பர்கூர், காவேரிப்பட்டணம், பாலக்கோடு, தருமபுரி என்று சுற்றுவட்டாரம் முழுக்க இருந்து வருகிறார்கள். அவர்கள் எப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள், எதற்காக இதில் இறங்குகிறார்கள் என்பதைக் காகிதங்கள் வழியாகவே கிட்டத்தில் பார்க்கிற வேலை என்னுடையது. பார்த்த வரையில் எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: நிறுவனரின் துணிச்சல் என்று நாம் புகழ்வதில் பாதிக்கு மேல் அவருடைய வீட்டாருக்குச் சேர வேண்டியது.

பதிவுக்குக் கேட்கும் காகிதங்கள் ஒன்றும் அதிகமில்லை. பான், ஆதார், போட்டோ, பேங்க் ஸ்டேட்மென்ட், அப்புறம் கம்பெனி முகவரிக்குச் சான்று. ஒரு லட்சம் ரூபாய் மூலதனம் கட்டாயம் என்ற விதி 2015-லேயே போய்விட்டது. ஆனால் முகவரி இல்லாமல் முடியாது. இரண்டு மாதத்துக்குள் வந்த ஈபி பில் வேண்டும், கட்டட உரிமையாளர் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்ட கடிதமும் வேண்டும். இருபத்தெட்டு வயதுப் பையனுக்குச் சொந்த முகவரி ஏது? அப்பா வீடுதான். பில்லை வாங்கிப் பார்த்தால் பல நேரம் அது அப்பா பேரில்கூட இருக்காது, என்றோ காலமான தாத்தா பேரில் இருக்கும். பெயர் மாற்றப் போனால் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். பாகம் பிரிக்காத வீடு என்றால் பெரியப்பா, சித்தப்பா, அத்தை எல்லோரும் சம்மதிக்க வேண்டும். ஆடியில் தொடங்கிய வேலை சித்தப்பாவின் கையெழுத்துக்காக ஐப்பசி வரை நின்றுபோன கம்பெனி ஒன்று எங்கள் கோப்பில் இருக்கிறது.

பிரைவேட் லிமிடெட் என்றால் குறைந்தது இரண்டு டைரக்டர்கள் வேண்டும். கூடப் படித்த நண்பன் சேர்ந்தால் சரி, இல்லையென்றால் அம்மாவோ மனைவியோதான். டிஜிட்டல் கையெழுத்து வாங்க அவரும் செல்போன் கேமரா முன் பான் கார்டைப் பிடித்துக்கொண்டு தன் பெயரைச் சொல்ல வேண்டும். அப்படி ஓர் அம்மா, காவேரிப்பட்டணம் பக்கம், கார்டைப் பிடித்த கை நடுங்க மகனிடம் கேட்டார்: "நான் என்னப்பா பண்ணணும் கம்பெனில?" அவன் "ஒண்ணும் இல்லம்மா, சும்மா பேருக்கு" என்றான். நான் குறுக்கிட்டேன். பேருக்கு என்று சட்டத்தில் ஒன்றும் கிடையாது. தொடர்ந்து மூன்று வருடம் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யாவிட்டால் டைரக்டர்கள் ஐந்து வருடம் தகுதி இழப்பார்கள். 2017-ல் இப்படி மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அரசு தகுதி நீக்கம் செய்தது. அந்தப் பட்டியலில் எத்தனை அம்மாக்களும் மனைவிகளும் இருந்திருப்பார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது கேட்பதில்லை. அதனால் கையெழுத்து வாங்கும் முன் எல்லாவற்றையும் தமிழில் உட்காரவைத்துச் சொல்வேன். அந்த அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, வருசா வருசம் கணக்கு குடுத்துட்டியான்னு நான் கேப்பேன், நீ பதில் சொல்லணும்" என்று மகனிடம் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். இன்றுவரை அந்தக் கம்பெனியின் தாக்கல் ஒன்றுகூடத் தாமதமானதில்லை.

எதற்காகத் தொடங்குகிறார்கள் என்பது அடுத்த கட்டத்தில் தெரியவரும். ஸ்டார்ட்அப் அங்கீகாரம் கேட்டு மத்திய அரசுக்கு விண்ணப்பிக்கும்போது, எந்தப் பிரச்சினையைத் தீர்க்கிறீர்கள், எப்படித் தீர்க்கிறீர்கள், உங்கள் தீர்வில் புதுமை என்ன, வருமானம் எப்படி வரும் என்று எழுதித் தர வேண்டும். முதல் தடவை எழுதிவருவது பெரும்பாலும் யூடியூபில் கேட்ட பேச்சாக இருக்கும். உலகத்தை மாற்றுவோம், லட்சம் பேருக்கு வேலை தருவோம் என்று. அதை ஓரமாக வைத்துவிட்டு, போன வேலையில் எதைப் பார்த்துப் பார்த்து மனசு வெறுத்துப்போனது என்று கேட்பேன். அப்போதுதான் விஷயம் வரும்.

ஓசூரிலிருந்து வந்த ஒருவரைச் சொல்கிறேன். அடையாளம் தெரியக் கூடாது என்பதால் சில விவரங்களை விட்டுவிடுகிறேன். நாற்பது வயது தாண்டியவர், வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருந்தவர். கேட்டதும் கொட்டித் தீர்த்தார்: "ஸ்பிண்டில் பேரிங் போகப்போறது சத்தத்துலயே தெரியும் மேடம். ரெண்டு வாரம் முன்னாடியே எழுதிக் குடுப்பேன். உற்பத்தி நிக்கக் கூடாதுன்னு ஓட்டுவாங்க. அப்புறம் மெஷின் மூணு நாள் படுத்துரும், திட்டு எனக்கு." அவர் கேட்ட அந்தச் சத்தத்தை, அதிர்வை அளக்கும் ஒரு சிறிய கருவியாகச் செய்து மெஷினில் ஒட்டிவிட வேண்டும், முதலாளியின் போனுக்கே எச்சரிக்கை போக வேண்டும், இதுதான் அவருடைய கம்பெனி. சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை என்ற ஆற்றாமை அவரிடம் இருந்தது. இத்தனை பேரைப் பார்த்ததில், பணத்தைவிடவும் புகழைவிடவும் அதிகம் தென்பட்ட காரணம் இந்த ஆற்றாமைதான்.

பணம் ஒரு காரணமே இல்லை என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் 549 நிறுவனர்களிடம் கேட்டு காஃப்மன் அறக்கட்டளை 2009-ல் வெளியிட்ட ஆய்வில், முக்கால்வாசிப் பேர் செல்வம் சேர்க்க விரும்பியதை முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னார்கள். நம் பக்கத்தில் அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். கூச்சம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கடன் கட்ட வேண்டும், தங்கைக்குக் கல்யாணம் செய்ய வேண்டும் என்று ஒருவர் கம்பெனி தொடங்கினால் அதுவும் நேர்மையான காரணம்தான். அதே ஆய்வில் என்னை நிறுத்தியது வேறொரு தகவல். முதல் கம்பெனியைத் தொடங்கியபோதே அவர்களில் பத்தில் ஏழு பேருக்குக் கல்யாணமாகியிருந்தது, பத்தில் ஆறு பேருக்குக் குழந்தையும் இருந்தது. பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகத் தொழில் தொடங்கியவர்கள்.

கல்லூரி மேடைகளில் இருபத்திரண்டு வயது நிறுவனரைத்தான் காட்டுகிறோம். நம் மாவட்டத்தில் அதற்குக் காரணமும் உண்டு. ஓசூரில் ஸ்கூட்டர் செய்யும் ஏத்தரை, சென்னை ஐஐடியில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-ல் இளவயதிலேயே தொடங்கினார்கள். போச்சம்பள்ளிப் பக்கம் பெரிய ஆலை கட்டிய ஓலாவின் பவிஷ் அகர்வாலும் இருபதுகளில் தொடங்கியவர்தான். ஆனால் ஃப்ரெஷ்வொர்க்ஸ் கிரீஷ் மாத்ருபூதத்தைப் பாருங்கள். திருச்சிக்காரர். ஜோஹோவில் பல வருடம் வேலை பார்த்து, வாடிக்கையாளர் சேவை மென்பொருள் எப்படி விற்கிறது, எங்கே சொதப்புகிறது என்று கைப்படத் தெரிந்துகொண்ட பிறகு, முப்பதுகளின் நடுவில், 2010-ல் தொடங்கினார். 2021 செப்டம்பரில் அந்தக் கம்பெனி அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானது. பொருளாதார ஆய்வாளர்கள் பியர் அசூலே, பெஞ்சமின் ஜோன்ஸ் முதலியோர் 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி, அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த, ஆயிரத்தில் ஒன்று என்று சொல்லத்தக்க கம்பெனிகளின் நிறுவனர்களுக்குத் தொடங்கும்போது சராசரி வயது 45. அதே துறையில் முன்பு வேலை பார்த்திருந்தால் வெற்றிக்கான வாய்ப்பும் கூடுகிறது. எங்கள் ஓசூர்க்காரர் தனக்கு வயசாகிவிட்டது என்று தயங்கியபோது இந்தக் கணக்கை அச்செடுத்துக் கொடுத்தேன். பர்ஸில் மடித்து வைத்திருக்கிறார்.

சரி, நாற்பது வயதில் சம்பளத்தை விட்டுவிட்டு எப்படி இறங்க முடிந்தது? அவர் மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. வீட்டுக் கடன் தவணை, மகளின் பள்ளிக் கட்டணம், அரிசி பருப்பு எல்லாம் அந்தச் சம்பளத்தில் ஓடுகிறது. இன்னொருவருக்கு அண்ணன் மாங்காய் மண்டி வைத்திருக்கிறார். தம்பி பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் கிடங்கு மென்பொருள் எழுதிவிட்டுத் திரும்பிவந்து, விவசாயிக்குக் கொடுத்த முன்பணம், எடை, கழிவு, கமிஷன் எல்லாவற்றையும் ஒரே சீட்டாக அவருடைய போனுக்கே அனுப்பும் ஆப்பைச் செய்தார். அதை முதன்முதலில் ஓட்டிப் பார்த்தது அண்ணன் மண்டியில், பெங்களூரா ரக மாங்காய் வந்து குவிகிற மாதங்களில். கணக்கு தப்பினால் நஷ்டத்தை ஏற்றுக்கொள்ள அண்ணன் தயாராக இருந்தார். எந்த வெளி வாடிக்கையாளர் அப்படி இருப்பார்? பத்திரிகைப் பேட்டி வந்தால் தம்பி படம் வரும். அண்ணன் படமும் வர வேண்டும் என்பது என் ஆசை.

வீட்டில் இப்படித் தாங்க ஆள் இல்லாதவர்களும் வருகிறார்கள். வெளியூர் போய்ச் சம்பாதித்து அனுப்பித்தான் பல குடும்பங்கள் எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் நிற்கின்றன. அந்த வீட்டின் ஒரே சம்பளக்காரர் வேலையை விடுவது என்றால் அது வேறு கணக்கு. திறமையில் இவர்கள் ஒரு மாற்றும் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் இரண்டாவது வருடம் தாக்கல் தேதி தள்ளிப்போக ஆரம்பிக்கும். ஒரு படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம். இரண்டு படிவம் ஆறு மாதம் நின்றால் முப்பத்தாறாயிரம். கம்பெனியை மூடும் விண்ணப்பத்துக்கு வரும்போது இவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது. பார்டன் ஹாமில்டன் என்ற பொருளாதார அறிஞர் 2000-ல் எழுதிய ஆய்வின்படி, சொந்தத் தொழிலில் பத்து வருடம் இருந்தவர்களின் இடைநிலை வருமானம் (எல்லோரையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருபவரின் வருமானம்), அவர்கள் சம்பள வேலையில் இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட 35 சதவீதம் குறைவு. அமெரிக்கக் கணக்குதான், இருந்தாலும் அந்தக் குறைவை எந்த நாட்டிலும் யாராவது ஒருவர் வீட்டில் இருந்து ஈடுகட்டத்தான் வேண்டும்.

பெண்கள் வரும்போது இந்த வீட்டுக் கணக்கு முழுசாக வெளியே வந்துவிடும். பெங்களூரில் மென்பொருள் சோதனை வேலையில் இருந்து, குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டு, கணவர் ஊரான பாலக்கோட்டுப் பக்கம் வந்துவிட்ட ஒரு பெண். தன்னைப் போலவே வேலையை விட்டு வீட்டில் இருக்கும் பெண்களைச் சேர்த்து, சின்னக் கம்பெனிகளின் ஆப்களைச் சோதித்துக் கொடுக்கும் தொழில் தொடங்க வந்தார். முதல் வாடிக்கையாளர் கையில், வேலைக்கு ஆள் தயார், மூலதனம் அவருடைய பழைய பிஎஃப் பணம். வீடு மாமனார் பேரில். கடிதத்தில் கையெழுத்துப் போட அவர் மறுத்துவிட்டார், "வீட்டை எதுக்கும்மா இதுல இழுக்கணும்?" என்று. அந்தக் கடிதத்தால் வீடு ஈடாகாது, உரிமையும் மாறாது என்று நானே போனில் பேசினேன். பலிக்கவில்லை. தருமபுரியில் இருக்கும் அந்தப் பெண்ணின் அப்பாவிடம் போனால், "மாப்பிள்ளை வீட்ல சம்மதமா?" என்பது முதல் கேள்வி. மகனுக்கு வந்த அதே கடிதம் என்றால் இரண்டு பேரும் படிக்காமலே போட்டிருப்பார்கள். கடைசியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே சின்ன அறையை வாடகைக்கு எடுத்து, அந்தக் கடைக்காரர் கொடுத்த கடிதத்தில்தான் பதிவு நடந்தது. அந்த அறையில் யாரும் உட்கார்ந்து வேலை செய்வதில்லை, எல்லோரும் அவரவர் வீட்டில் இருந்துதான் செய்கிறார்கள். ஒரு முகவரிக்காக மட்டும் மாதாமாதம் வாடகை போகிறது.

இதற்கு வழி இருக்கிறது, அதுவும் நம் கைக்கு எட்டுகிற தூரத்தில். பர்கூரில் 1994 முதல் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. தருமபுரி செட்டிக்கரையில் 2013-ல் ஒன்று தொடங்கினார்கள். இந்தக் கல்லூரிகளில் ஓர் அறையை ஒதுக்கி, சொந்தப் பேரில் வீடு இல்லாத நிறுவனர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, முதல் இரண்டு வருடம் பதிவு முகவரியும் ஆட்சேபணையில்லாக் கடிதமும் கொடுத்தால் போதும். மேசை நாற்காலிகூட வேண்டாம். கல்லூரிக்கு இதில் செலவு என்று பார்த்தால் ஒரு தபால் பெட்டியும், வருகிற கடிதங்களைப் பிரித்து வைக்க ஓர் ஆளும்தான். இரண்டு கல்லூரிக்கும் இதை எழுத்து வடிவில் கொடுக்க மனு தயார் செய்துகொண்டிருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்பும் நிறுவனர்கள், அவர்களுடைய வீட்டாரும், தாராளமாகச் சேர்ந்துகொள்ளலாம்.